முதல் குழாய் ரத்தம்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, கை கழுவும் தொட்டியின் அடைப்பில் சிக்கியிருந்த ஒரு இட்லித் துண்டு. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி, சிமெண்ட் மேடைமேல், முந்தைய நாள் யாரோ கொடுத்துவிட்டுப் போன சிறுநீர்ப் புட்டி மூடியில்லாமல் நின்றது. சுவரோரம் இருந்த சின்ன ஃபிரிஜ்ஜைத் திறந்தபோது மேல்தட்டில் ரத்தக் குழாய்களும் கீழ்த்தட்டில் இரண்டு பால் பாக்கெட்டுகளும் தெரிந்தன. அம்பத்தூரில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் முன்னறையைத் தடுத்து நடத்திய ரத்தச் சேகரிப்பு நிலையம் அது. 1998, ஜூலை மாதம்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதே பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. அருவருப்பான ஒன்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இன்னும் உற்றுப் பார்க்கும் கெட்ட பழக்கம் அந்த வேலையில்தான் வந்தது. அன்று காலை நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே நினைவில் வைத்திருக்கிறேன். பிறகு அந்த வரிசைதான் முக்கியமாயிற்று.

ரத்தம் எடுப்பவர் பெயர் சேகர். நாற்பது வயது இருக்கும். கையுறை கிடையாது. காதில் பீடி ஒன்று செருகியிருந்தது. என் இடது கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நரம்பே காணோம்?"

"கீமோ மருந்து ஏத்தினது. எல்லாம் சுருங்கிப் போச்சு."

கூட வந்திருந்த அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, குறுக்கே புகுந்தார். "பாத்து குத்து நைனா. அது கையி. மாவு சலிக்கிற சல்லடை இல்ல."

"நம்ம கை ராசியான கைம்மா. ஒரே குத்து."

மூன்று குத்து ஆயிற்று. நான்காவதில் ரத்தம் வந்தது. ஊசி நரம்பிலேயே இருக்க, ஒன்றை எடுத்து இன்னொன்றைச் செருகும் புது மாதிரிக் குழாய்கள். சேகர் கத்தரிப்பூ நிற மூடி போட்ட குழாயை முதலில் செருகினார். மற்ற இரண்டும் பிறகு.

"இத்த மொதல்ல ரொப்பிக்கணும்மா. இதான் காஸ்ட்லி டெஸ்ட்டு, ஏரோப்ளேன்ல போவுது. பாதில நரம்பு மக்கர் பண்ணிச்சுன்னா மத்தத நாளைக்கிகூட எடுத்துக்கலாம்."

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன்.

அந்த மூன்று குழாய்களில் இரண்டு வழக்கமான சோதனைக்கு. கத்தரிப்பூ மூடிக் குழாய் எதற்கென்று சொல்ல ஓர் ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. என் கணவருக்கு அங்கே ஆய்வுப் பிரிவில் வேலை. 1997 கோடையில் என் வலது மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசியால் துளி எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பை எடுத்தார்கள். பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த லிஃப்ட் அங்கே இருந்தது. அறுத்த மறுநாள் அதில் என்னை ஏற்றியபோது, பக்கத்துக்கு ஒன்றாக முடிவில்லாமல் நான் படுத்திருந்தேன். ஒருத்தியைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காயத்திலிருந்து நீர் வடிய ஒரு ரப்பர் குழாயும் அதன் நுனியில் ஒரு புட்டியும் மாட்டியிருந்தார்கள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போன்ற அந்தத் திரவத்தை ஆயாவிடம் விடாமல் என் கணவரே அளந்து கொட்டினார். தொழிற்சாலையில் பயன்படுத்தும் ஆய்வுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, தேதி, நேரம், எத்தனை மில்லி என்று எழுதினார். அவருக்கு வேறு விதத்தில் அன்பு காட்டத் தெரியாது. ஏழாம் நாள் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி எங்க நர்ஸுங்க எழுதமாட்டாங்க சார்" என்றார். என் கணவர் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

பிறகு ஆறு தவணை கீமோ. சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். வாயில் எந்நேரமும் பழைய சில்லறையைச் சப்புவது போன்ற ருசி. வார்டில் ஃபினாயில் வாசனை, அதற்கு அடியில் அந்த ஃபினாயில் மறைக்கப் பார்த்த வாசனை, இரண்டும் சேர்ந்து தலையணை உறைவரை ஏறியிருந்தன. பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து இரண்டாம் வாக்கியத்தில் கண்ணைக் கீழே இறக்கினார்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொருவரும் அதைச் செய்தார்கள். நான் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணி மட்டும் பார்க்கவில்லை. அவர் பெயர் கஸ்தூரி. பதினெட்டு வயதில் கள்ளிக்குப்பத்தில் ஒரு பழைய விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டில் பேச்சும் நடையும் அந்த ஊராகிவிட்டவர். நிலம் மனைகளாகிப் போன பிறகு மிச்சம் இருந்தவை இரண்டு எருமைகள். விடியற்காலையில் தானே பால் கறந்து தெருவில் ஊற்றிவிட்டு, பஸ் மாறி ஆவடிக்கு வந்து, நான் வாந்தியெடுத்த பக்கெட்டைக் கழுவுவார்.

"மூக்க இன்னாத்துக்குச் சுளிக்கிற? நான் தெனம் எருமை மூத்தரத்துல நிக்கிறவ. உன்துல்லாம் பன்னீரு."

அந்த ஓர் ஆண்டில் நான் சிரித்ததெல்லாம் அவர் பேச்சுக்குத்தான்.

கீமோ முடிந்து நான்கு மாதம் கழித்து, ஸ்கேன் எல்லாம் சுத்தம் என்று வந்தது. அப்போதுதான் கீமோ டாக்டர், அறுவை செய்த டாக்டர் அல்ல, இவர் இளையவர், ஒரு வழவழப்பான தாளை மேஜையில் நகர்த்தினார். புதுச் சோதனை. கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஸ்கேனில் தெரியாது. இதில் தெரியும்.

சோதனை இப்படி. மார்பு, குடல், தோல் இவற்றின் செல்கள் கெரட்டின் என்ற புரதத்தைச் செய்கின்றன. ரத்தச் செல்கள் செய்வதில்லை என்பது நம்பிக்கை. செல் ஒரு புரதத்தைச் செய்யும் முன் அதற்கான குறிப்பு ஒன்றை எழுதிக்கொள்ளும். ரத்தத்தில் கெரட்டின் குறிப்பு அகப்பட்டால், மார்பிலிருந்து கிளம்பிய ஏதோ ஒரு செல் அங்கே திரிகிறது என்று பொருள். ஒற்றைக் குறிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதைப் படியெடுத்து, படியைப் படியெடுத்து, கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டால் ஒளிக்கோடாகத் தெரியும். கேட்டதும் எனக்குத் தந்திச் செய்தி நினைவுக்கு வந்தது. ஒருவர் அனுப்பிய ஒற்றை வரி, மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும். எத்தனை பத்திரிகையில் வந்தது என்பது அது உண்மையா என்பதைச் சொல்லாது.

இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். அம்பத்தூரில் ரத்தம் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. ஒரே வரி: கெரட்டின் குறிப்பு இருக்கிறது.

"பயப்படாதீங்க மேடம்," என்றார் கீமோ டாக்டர். "ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டோம். இது நல்ல செய்தி. இன்னும் ஆறு சைக்கிள், கொஞ்சம் ஸ்ட்ராங்கான மருந்து."

"முதல் சுற்றிலேயே இதயத்தோட பலம் குறைஞ்சிருக்குன்னு எக்கோவில சொன்னாங்களே?"

"ரிஸ்க் இருக்கு. ஆனா செல் இருக்கே மேடம், ரத்தத்துல."

இரண்டாவது சுற்றை என் இதயம் தாங்காமல் போகலாம். ஏற்றிக்கொள்ளாமல் விட்டால், அந்த வரி உண்மையாக இருந்தால், நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ போகும். நடுவில் இருந்தது அந்த ஒற்றை வரி. அதற்குக் கீழே யாருடைய பெயரும் இல்லை, எப்படிப் பார்த்தார்கள் என்ற விவரமும் இல்லை. என் மேஜைக்கு அப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நிறுத்தி வைத்திருப்பேன். இங்கே அதை வைத்து அடுத்த திங்கட்கிழமை படுக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று மாலை என் கணவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேஜை யார் பாத்தாங்க?" என்றார்.

"எந்த கேஜ்?"

"எங்க செக்‌ஷன்ல ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் பீஸைத் தொடமாட்டோம். முதல்ல கேஜ், அதான் அளவு பாக்கற கருவி. சரின்னு தெரிஞ்ச ஒரு பீஸ் பொட்டியில பூட்டி வெச்சிருப்போம். அதை எடுத்து கேஜ்ல விட்டுப் பாப்போம். நல்ல பீஸையே அது வேணாம்னு தள்ளிச்சுன்னா, கோளாறு பீஸ்ல இல்ல, கேஜ்ல. அன்னைக்கு அந்த கேஜால பாத்தது எதுவும் செல்லாது."

"நல்ல பீஸுக்கு எங்க போறது?"

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். கையில் கொத்தமல்லிக் கட்டு. "இன்னாடா ரெண்டு பேரும் பீஸு பீஸுன்னு பேசிக்கினு கீறீங்க?"

சொன்னோம். நோயில்லாத ஒரு பெண்ணின் ரத்தத்தை அதே சோதனைக்கு அனுப்ப வேண்டும், என் ரத்தத்தோடு சேர்த்து, அதே நாளில், அதே இடத்தில்.

"இவ்ளோதானா? என்துல எடு. எனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? பொறந்ததுலேர்ந்து ஒரு ஊசி போட்டதில்ல நானு."

அவரிடம் நாங்கள் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. ஆனால் ஒன்றை நாங்களும் நினைத்துப் பார்க்கவில்லை.

கீமோவைப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். மறுபடி அம்பத்தூர், அதே சேகர். இட்லித் துண்டு போயிருந்தது. அந்த இடத்தில் டீத்தூள். அண்ணியின் கையில் ஒரே குத்தில் ரத்தம் வந்தது. "பாத்தியாம்மா, இதான் நரம்பு!" என்று சேகர் மெச்சினார். கத்தரிப்பூ மூடி முதலில். எனக்கும் அப்படியே.

மறுபடி பன்னிரண்டு நாள். தாள்களை வாங்கிக்கொண்டு என் கணவர் தொழிற்சாலைச் சைக்கிளில் வேகமாக வந்தார். இரண்டிலும் அதே வரி. எனக்கும் இருக்கிறது. அண்ணிக்கும் இருக்கிறது.

நாங்கள் சிரித்தோம். இதை மறைக்க விரும்பவில்லை. என் கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேஜ்தான்! சொன்னேன்ல? கேஜ்தான் கோளாறு!" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒற்றை வரி செத்துப் போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணி தன் பெயர் எழுதிய தாளை எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது அவருடைய பெயர் மட்டும்தான்.

"இன்னாடா போட்டுக்கீது என்துல?"

"ஒண்ணுமில்லக்கா. டெஸ்ட்டே தப்பு. நல்ல பீஸையே தள்ளுதுன்னா..."

"நான் நல்ல பீஸுன்னு உனுக்கு யாருடா சொன்னது?"

தொழிற்சாலையில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் பீஸுக்குச் சான்றிதழ் உண்டு. அதை அளந்து பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். அண்ணியை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஊசியே போடாதவர் என்பதை நோயில்லாதவர் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

"அவளுக்குக் கீதுன்னு போட்டப்ப அழுதீங்க. எனுக்கும் கீதுன்னு போட்டா சிரிக்கிறீங்களே," என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கீமோவை மறுபடி தள்ளிப்போட்டுவிட்டு, எங்கள் அறிவியல் பக்கத்துக்கு எழுதுபவர் மூலம், ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் இந்த முறையிலேயே வேலை செய்யும் ஒரு பெண்மணியைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயது, முடியை ரப்பர் பேண்டில் கட்டியவர். எல்லா அறிக்கையையும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எந்தக் குழாயை முதல்ல ரொப்பினாங்க?"

சொன்னேன். கத்தரிப்பூ மூடி, இரண்டு தடவையும், இரண்டு பேருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஊசி எது வழியா உள்ள போகுது? தோல் வழியா. தோல்ல என்ன இருக்கு? கெரட்டின். ஊசி முனையில ஒட்டின தோல் துணுக்கு முதல் குழாய்லதான் விழும். அந்தக் குழாயை நாங்க இந்தச் சோதனைக்கு எடுக்கவே மாட்டோம்."

"அது மட்டும்தான் காரணமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. ரத்தச் செல்லே சில சமயம் அந்தக் குறிப்பைக் கொஞ்சம் கிறுக்கி வைக்கும். போன வாரம் பெருக்கின படி ஒண்ணு காத்துல பறந்து வந்து இந்த வாரக் குழாய்ல விழும். அனுப்புற வழியில பனிக்கட்டி உருகினா இருக்கிற குறிப்பும் அழிஞ்சு போகும், அப்ப இருக்கிறது இல்லைன்னு வரும். அதனால ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியையும் ஒரு குழாய்ல போட்டு ஓட்டுவோம். தண்ணியில கெரட்டின் வந்துச்சுன்னா அன்னைக்கு வேலை மொத்தத்தையும் கொட்டிடுவோம்." அறிக்கையைத் தட்டினார். "இதுல தண்ணியைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

இல்லை.

அண்ணியை மறுபடி அழைத்து வருவது சுலபமாக இல்லை. என் கணவர் இரண்டு தடவை கள்ளிக்குப்பம் போய்ப் பார்த்தார். மூன்றாம் தடவை நான் போனேன். தொழுவத்தில் வேறு ஓர் ஆள் கறந்துகொண்டிருந்தான். அண்ணி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கை பட்ட பால எப்டி ஊத்துறது சொல்லு? புள்ளைங்க குடிக்குது."

"ரத்தத்துல இருந்தாலும் அது ஒட்டாது அண்ணி. புற்று ஒட்டுவாரொட்டி இல்ல."

"உனுக்குத் தெரியும். வாங்கறவளுக்குத் தெரியுமா? எனுக்கே அருவருப்பா கீது வசந்தா."

எனக்காக வந்தார். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெண்மணியே ரத்தம் எடுத்தார். முதல் குழாயைத் தூக்கிப் போடாமல் அதையும் தனியாகச் சோதித்தார். எட்டாம் நாள் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் வெளிச்சக் கோடுகள். அண்ணியின் முதல் குழாயில் கோடு பளிச்சென்று இருந்தது. இரண்டாவதில் இல்லை. என் முதல் குழாயில் மங்கலாக ஏதோ ஒன்று. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாவதில் இல்லை. தண்ணீரில் இல்லை.

"அப்ப எனக்கு இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"இந்தக் குழாய்ல கிடைக்கல. அவ்வளவுதான் நான் சொல்வேன். உங்க உடம்புல இருக்கிற ரத்தம் எவ்வளவு, நான் எடுத்தது எவ்வளவு?"

அந்த ஆண்டு முழுவதும் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் நான் திருத்த வேண்டியிராத வாக்கியம் அது ஒன்றுதான்.

இவற்றை எடுத்துக்கொண்டு கீமோ டாக்டரிடம் போனேன். புகைப்படத்தை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். "முதல்ல ரிப்போர்ட் குடுத்த அந்த லேப் கொஞ்சம் அப்படித்தான் மேடம். வேற லேப்ல குடுத்துப் பாக்கலாம்" என்றார். அந்த லேபின் வழவழப்பான தாள்கள் அவர் மேஜையில் அப்போதும் ஒரு கட்டு இருந்தன. மார்பை எடுத்த பெரிய டாக்டர் மட்டும், "ஒரு காகிதத்துக்கு நான் கீமோ குடுக்க மாட்டேம்மா. உடம்புக்குத்தான் குடுப்பேன்" என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். இரண்டாம் சுற்று வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அம்பத்தூருக்கும் போனேன். முதல் குழாயைப் பற்றி சேகரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அப்டியா? எனுக்கு யாருமே சொல்லலியேம்மா. நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சேன்." அடுத்த மாதம் வழக்கமான சோதனைக்குப் போனபோது, எனக்கு முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டியிருந்தார். கத்தரிப்பூ மூடிதான் முதலில் போயிற்று. என்னைப் பார்த்ததும் சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மறந்துட்டேம்மா, பழக்கம்." குழாய் பனிப்பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்.

இதை எழுதும்போது, இரண்டாம் சுற்று வேண்டாம் என்று கையெழுத்திட்டு ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் ஆகிறது. ஸ்கேனில் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறேன். பெரிய டாக்டர் அண்ணியையும் பரிசோதித்தார், மார்புப் படமும் எடுத்தார்கள். எதுவும் இல்லை. முதலில் வந்த தாளை அண்ணி பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். ஆய்வுக்கூடம் கொடுத்த தாளைக் கொண்டு போய் நீட்டியபோது, "ஒரு தபா கீதுன்றீங்க, ஒரு தபா இல்லன்றீங்க. நீயே வெச்சிக்கோ" என்றார்.

அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பால் கறக்க அவர் வைத்த ஆள் இன்னும் வருகிறான்.